மடியில் ஒரு பீஸ்கட்டை

“எத்தனை காட்டுது எழில்?”

“பதினாலு சதவீதம், அத்தை. பத்துக்குக் கீழ போனா பேட்டரி தானா நின்னுடும்.”

நாகம்மாள் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி பேட்டரி அறை வாசலிலேயே நின்றாள்.

கொள்ளிடத்தின் நடுவே கிடந்த அந்தத் திட்டில் நாற்பது வீடுகள். மின்கம்பி ஆற்றின் அக்கரையோடு நின்றுவிட்டது. சூரியத் தகடுகளும் ஒரே ஒரு பேட்டரியும்தான் மொத்த ஊருக்கும் கரண்ட். அவற்றைப் பார்த்துக்கொள்வது எழில்மொழியின் வேலை.

ஐந்து நாளாக வெயில் இல்லை. ஆற்றில் வெள்ளம். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகவும் சிலிண்டர் கொண்டுவரவும் படகு இல்லை. மூச்சுத்திணறலில் கிடக்கும் வீரையன் வீட்டு ஆக்சிஜன் மெஷின் மட்டுமாவது ஓடட்டும் என்று, ஊரில் டிவி, மிக்சி, மின்விசிறி எல்லாவற்றையும் நேற்றே நாகம்மாள் வீடு வீடாகப் போய் நிறுத்தியிருந்தாள்.

“மத்தியானம் வரைக்கும் தாங்குமா?”

“மெஷின் மட்டும் ஓடினா தாங்கும். எவனாவது மோட்டார் போட்டான்னா அவ்வளவுதான்.”

சொல்லி வாய் மூடவில்லை, வயல் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. பதினாலு பதிமூன்றானது.

நாகம்மாள் வரப்பில் ஓடினாள். முங்கிக் கிடந்த நடவு வயலிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான் தங்கையன். அவள் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்து சுவிட்சை இறக்கினாள். பீங்கான் பீஸ்கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

“அத்தை! நட்டு இருபது நாள் பயிரு. அரை மணி நேரம் இறைச்சா நுனியாவது வெளிய தெரியும்.”

“அழுகினா மறுபடி நடு. நாத்து நான் தரேன்.”

“உங்களுக்கு எப்பத்திலேர்ந்து ஈபி ஆபீசுல வேலை?”

“இன்னைக்குக் காலையிலேர்ந்து. மனு எழுதிக் குடு, யோசிக்கிறேன்.”

தங்கையனுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “போங்க, போய் அவரு பக்கத்துல இருங்க” என்றான்.

வீரையன் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். நாகம்மாள் அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. நான்கு ராத்திரியாக அவள் தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம்.

போன் அடித்தது. “பன்னெண்டு, அத்தை.”

மறுபடி அடித்தது. “பதினொன்னு.”

அதன்பிறகு வெகுநேரம் அடிக்கவில்லை. நாகம்மாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜன்னல் வழியாகத் தரையில் மஞ்சளாக ஏதோ விழுந்தது. முதலில் அவளுக்கு அது என்னவென்றே புரியவில்லை. போன் அடித்தது.

“அத்தை, வெயிலு! வெளிய வந்து பாருங்க! பன்னெண்டு ஆயிடுச்சு, ஏறுது!” எழில் கத்திக்கொண்டிருந்தாள்.

நாகம்மாள் சுவரில் சாய்ந்தாள். ஐந்து நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வீரையா, கண்ணைத் திறந்து பாரு. வெயில் வந்துடுச்சு.”

அவர் வெயிலைப் பார்க்கவில்லை. அவள் மடியில் புடைத்திருந்ததைப் பார்த்தார்.

“யாரோட பீஸ்கட்டை?”

“தங்கையனோடது.”

வீரையன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “போன கார்த்திகையில நான் மோட்டார் போட்டப்ப என்னோடதையும் நீ இப்படிப் பிடுங்கியிருக்கணும், நாகம்மா. உன் வீட்டுக்காரர் இருந்திருப்பார்.”

“ஒரு மோட்டார்ல இவ்வளவு போகும்னு அப்ப யாருக்குத் தெரியும்? பேசாமத் தூங்கு.” அவள் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டாள். “இது அவரோட மெஷின். இன்னொரு தடவை இது நிக்கிற சத்தத்தை என்னால கேக்க முடியாது.”