ஓசை ஒத்த பெயர்

"ஒருத்தர் மாட்டிட்டாரு சார்" என்றாள் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் அனுப்ரியா.

கோவிந்தப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கணினிக்கு முன் உட்கார்ந்தார். ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் ஆளை எடுப்பதும் நீக்குவதும் அவர் கையில்தான் இருந்தது.

போன வருஷ வேலைநிறுத்தத்தில் அவர் காரை மறித்து, இறங்க வைத்து, மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். பதினேழு பேரை வீட்டுக்கு அனுப்பினார். அவர்களில் சிலர் பெயரில் எழுத்தை மாற்றிக்கொண்டு காண்ட்ராக்டர் மூலமாக மறுபடி உள்ளே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"யாருன்னு சொல்லும்மா. இப்பவே கேட்டுக்கு வெளிய தள்றேன்."

"இன்னொரு தடவ சரி பாத்துடறேன் சார். இதுல ரெண்டு வழி இருக்குது. எத்தன எழுத்து மாறியிருக்குதுன்னு எண்றது ஒண்ணு. ஆனா அது ராமனும் ராஜனும் ஒரே ஆளுன்னு சொல்லும். நாலு எழுத்து மாத்திட்டா நெசமான ஆள விட்டுடும்."

"இன்னொண்ணு?"

"எழுத்த விட்டுட்டு ஓசையப் பாக்கறது. நம்மூர்ல தெலுங்குக்காரர் எழுதினா ஒரு மாதிரி, கன்னடக்காரர் எழுதினா ஒரு மாதிரி. எங்கப்பா பேரே ரேஷன் கார்டுல ஒண்ணு, ஓட்டர் கார்டுல ஒண்ணு. காதுக்கு ஒண்ணுதானே சார்? அதோட பொறந்த தேதியும் ஊரும் ஒத்துப்போச்சுன்னா ஆளு தப்பிக்க முடியாது."

"தப்பிக்கவே கூடாது!" மேசையைத் தட்டினார். "அந்த ரெண்டாவது வழியிலயே போ. பழைய கேட் ரிஜிஸ்டர் மொத்தத்தையும் அலசு. ஒருத்தனையும் விடாத."

"அப்போ இந்த வழி சரின்னு ஒரு கையெழுத்து வேணுங்க சார். அப்புறம் யாரும் கேள்வி கேக்கக் கூடாது."

படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார்.

மறுநாள் காலை முதலாளி மூர்த்தியின் அறையில் எல்லாம் தயாராக இருந்தது. பின்னால் கோர்ட்டு, கேஸ் என்று எவனும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளர் துறை அதிகாரி பார்வதியையும் கோவிந்தப்பனே அழைத்திருந்தார். முந்தின நாள் அவர் கையெழுத்துப் போட்ட தாள் பார்வதியின் முன்னால் இருந்தது.

"பேரை மாத்தினா தப்பிச்சிடலாம்னு நெனைக்கிறானுங்க மேடம். இப்ப பாருங்க வேடிக்கைய" என்றார். வெயிலில் நின்ற அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்றைக்குப் பதில் கிடைக்கப்போகிறது. மனசு குளிர்ந்தது.

அனுப்ரியா பொத்தானைத் தட்டினாள்.

திரையில் அந்தப் பதினேழு பேரில் ஒருவரும் வரவில்லை. மூன்று பெயர்கள் மட்டும் வந்தன. ஆஞ்சப்பன். அஞ்சப்பா. ஹாஞ்சப்பா. மூன்றுக்கும் ஒரே பிறந்த தேதி, ஒரே ஊர், பேரிகை.

கடைசி வருகை நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்ச் மாதத்து நாள். உள்ளே வந்த நேரம் காலை ஆறு மணி இரண்டு நிமிடம். வெளியே போன நேரம் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

கோவிந்தப்பனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்று பிரஸ் மெஷினில் சிக்கிச் செத்த ஆஞ்சப்பனை மதில் ஓரமாகக் கொண்டுபோய்ப் போடச் சொன்னவர் அவர்தான். இரும்பு திருடச் சுவரேறிக் குதித்து விழுந்தவன் என்று போலீசில் சொன்னதும் அவர்தான். ஆஞ்சப்பன் என்று ஒருவன் இங்கே வேலை செய்தானா என்று தொழிலாளர் துறை கேட்டபோது, ரிஜிஸ்டரில் வேறு எழுத்தில் இருப்பது தெரிந்தே, அந்தப் பெயரில் யாரும் இல்லை, திருட வந்தவன் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"வேலைக்கு வந்தவருதானே சார் இவரு? திருடன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?" பார்வதி பேனாவைத் திறந்தார். மூர்த்தி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கோவிந்தப்பன் அனுப்ரியாவின் பக்கம் பாய்ந்து திரும்பினார்.

"ஏய்! நான் தேடச் சொன்னது யார? இவனத் தேடச் சொல்லி உங்கிட்ட யாரு சொன்னது?"

அவள் நிதானமாக எழுந்து நின்றாள்.

"எங்கம்மா சார்."