எண்பது சதவீதம்

"அது அக்கறை."

"இல்லவே இல்லை. அது கண்காணிப்பு."

பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் அன்றைக்கும் பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். பொறுப்பாளர் தலையைத் தூக்காமலே, "எந்த வரிம்மா?" என்றார்.

"'நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் ஹால்ல லைட் எரியும்', இந்த வரி சார்," என்றாள் ஆய்வு மாணவி.

வேலைக்குப் போகும் பெண்கள் முப்பது பேரிடம் அவள் பேட்டி எடுத்திருந்தாள். அதையெல்லாம் வரிவரியாகப் பிரித்து, இது பயம், இது பெருமை, இது சலிப்பு என்று பெயர் ஒட்ட வேண்டும். அதற்கென்றே ஒரு மென்பொருள். மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் கூடத்தில் இரண்டே கணினிகளில்தான் இருந்தது. அதுவும் வெள்ளிக்கிழமையோடு உரிமம் முடிகிறது.

அவள் ஒருத்தி ஒட்டினால் போதாது. இன்னொருவரும் தனியாக உட்கார்ந்து அதே வரிகளுக்குப் பெயர் ஒட்ட வேண்டும். இருவரும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று மென்பொருளே சொல்லிவிடும். எண்பது சதவீதம் வராமல் அத்தியாயத்தைக் கையால் தொடமாட்டேன் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அந்த இன்னொருவராக வந்து சேர்ந்தவருக்குத் தபாலம்மா என்று பொறுப்பாளர் மனதுக்குள் பெயர் வைத்திருந்தார். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். தற்காலிகக் கணக்குத் திறந்து கொடுத்த அன்றே கடவுச்சொல்லை மூன்று தடவை மறந்தார். மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரையின் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் நான்காம் நாளே, வரியைப் பிடித்து இழுத்துப் பெயரின் மேல் போடுவது கைக்கு வந்துவிட்டது.

"ஊர் ஊராப் பிரிச்ச கை சார் இது. வரியைப் பிரிக்காதா?"

பிரித்தது சரிதான். ஒத்துப்போக வேண்டுமே. முதல் தடவை பார்த்தபோது நாற்பத்தாறு சதவீதம். அன்றிலிருந்து இரண்டு பேரும் எலியும் பூனையும்தான்.

"லைட் எரிஞ்சா, அவ எத்தனை மணிக்கு வர்றான்னு யாரோ பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்," என்றாள் மாணவி.

"வாசல்ல தடுக்கி விழக் கூடாதுன்னும் அர்த்தம் இருக்கலாம்."

"உங்களுக்கு எல்லாமே அக்கறைதான்."

"உனக்கு எல்லாமே குத்தம்தான்."

புதன்கிழமை தபாலம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, பொறுப்பாளர் மாணவியிடம் மெல்லச் சொன்னார்: "உரிமம் முடியப் போகுதும்மா. வேணும்னா வேற துறையிலிருந்து யாரையாவது பிடிச்சுத் தர்றேன். உன் வயசு ஆளா இருந்தா சட்டுனு ஒத்துப்போகும்."

"வேற ஆள் வேண்டாம் சார்," என்றாள் அவள். "இவங்களோடதான் ஒத்துப்போகணும்."

பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் இருவரையும் உட்காரவைத்து ஒரு வழி சொன்னார்.

"ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் ஒரு சின்னப் பெட்டி இருக்கு பாருங்க. ஏன் அந்தப் பேரை வச்சீங்கன்னு அதுல எழுதலாம். இனிமே வாயால பேச வேண்டாம். எழுதுங்க. நாளைக்கு இடம் மாறி உக்காந்து படிங்க."

அன்றைக்குக் கூடம் அமைதியாக இருந்தது. தபாலம்மா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

விளக்கு வரிக்குப் பக்கத்தில் தபாலம்மா எழுதியிருந்தார்: 'நான் வேலை முடிஞ்சு வர்றப்போ எங்க வீட்டுல யாரும் லைட் போட்டு வச்சதில்ல. இருட்டுல பூட்டைத் தடவித் தடவித் திறப்பேன். எனக்குப் பின்னாடி வர்றவ அப்படித் தடவக் கூடாதுன்னு நினைச்சேன். அவ அதை வேவுன்னு எடுத்துக்குவான்னு தோணவே இல்ல.'

மாணவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தன் கணக்கைத் திறந்து, அங்கே அந்த வரியை இழுத்துக்கொண்டு போய் 'அக்கறை'யின் மேல் போட்டாள்.

அந்தப் பக்கம் தபாலம்மா வேறொரு வரியில் நின்றுவிட்டார். 'நான் கழுவி வச்ச பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவாங்க.' அவர் 'சுத்தம்' என்று ஒட்டியிருந்தார். மாணவி 'அவமானம்' என்று ஒட்டி, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'பாத்திரத்துல அழுக்கு இல்ல. அப்போ யார்கிட்ட அழுக்குன்னு நினைக்கிறாங்க? கேட்கத் தைரியம் வந்ததில்ல.'

தபாலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். தன் கணக்கிலும் அந்த வரியை இழுத்துச் சரியாக 'அவமானம்' மேல் வைத்தார்.

இப்படியே மதியம் வரை போனது. கடைசியில் பொறுப்பாளர் கணக்கை ஓடவிட்டார். எண்பத்து நான்கு சதவீதம். மாணவி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தபாலம்மா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது பொறுப்பாளர் விசாரித்தார். "உங்க வீட்டுல மருமக இருக்காங்களாம்மா?"

"இருக்கா சார். வந்து நாலு வருஷமாச்சு."

"அப்போ நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இங்க எழுதினதையெல்லாம் ஒரு நாள் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து படிக்க வைங்க. பாதி சண்டை தீர்ந்துடும்."

"படிச்சுட்டா சார்," என்ற தபாலம்மா, பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வண்டியை எடும்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."