பத்து நிமிடத்தில் வெந்த பட்டாணி

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படிங்க பத்து நிமிஷத்துல வெந்துச்சு?"

மனைவி கேட்டது பட்டாணியைப் பற்றி. கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. கண்கூட காய்கறி உலர்த்தும் டிரையரின் தட்டைவிட்டு நிமிரவில்லை.

போன மாதம் எதிர் வீட்டு நர்ஸ் மலையேறப் போனபோது இவள்தான் சாப்பாட்டை உலர்த்திக் கொடுத்தாள். வெந்த சாதம், பட்டாணி, தக்காளி எல்லாம் சருகாகக் காய்ந்து ஒரே பொட்டலத்துக்குள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் போதும், சாப்பாடு தயார்.

இறங்கி வந்த நர்ஸ், அரை மணி நேரம் ஆகியும் பட்டாணி கோலிக்குண்டாகவே கிடந்தது என்றாளாம். அவ்வளவு உயரத்தில் சரியாகச் சூடேறும் முன்பே தண்ணீர் கொதித்துவிடுமாம். அதில் எதுவும் லேசில் ஊறாதாம்.

பொட்டலத்தைச் சரியாக மூடாமல் வைத்திருப்பார்கள் என்றான் கணவன். இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவனுக்குத்தான் அந்தப் பட்டாணி தொண்டையில் நின்றது.

விடிந்தால் அவன் இந்த வருடத்து மலையேற்றத்துக்குக் கிளம்ப வேண்டும். சமையலறை மேசையில் கை வைக்க இடமில்லை. அரைத்த தக்காளியைப் பட்டர் பேப்பரில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்திருந்தாள். இப்போது அதைத் தோல் உரிப்பதுபோல உரித்தாள். கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தாள். வளைந்தது மறுபடியும் தட்டுக்குப் போனது. டக்கென்று ஒடிந்தது மட்டும் பொட்டலத்துக்கு.

ஒவ்வொரு பொட்டலமும் தராசில் ஏறி இறங்கித்தான் பைக்குள் போகும். அவனுக்கு இடது முழங்கால் வலி. தூக்குகிறவருக்குத்தானே பாரம் தெரியும் என்பாள்.

அவன் சுமந்த பாரம் எந்தத் தராசிலும் ஏறாதது.

அவன் ஒரு மலையும் ஏறியதில்லை.

முதல் தடவை உண்மையாகவே ஏறத்தான் போனான். பாதி வழியில் பாதை ஓரடி அகலமாகச் சுருங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்துப் பெண்கள் வரிசையாகப் பாடிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்தவள் பாட்டை நிறுத்திவிட்டு, "தண்ணி வேணுமா அங்கிள்?" என்றாள்.

உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கீழே வந்தான். அடிவாரத்து லாட்ஜில் ஒரு அறை எடுத்தான். மீதி நாளெல்லாம் அங்கிருந்த கெட்டிலில் தண்ணீர் காயவைத்துப் பொட்டலம் பொட்டலமாகச் சாப்பிட்டான். அவள் உலர்த்தியதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான். ஆனால் வாசலில் மாமனார் நின்றிருந்தார். மாப்பிள்ளைக்கு மாடிப்படியே மலை என்று விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிக்க வைக்கிறவர், அன்று அவன் தோளிலிருந்து பையை வாங்கித் தானே உள்ளே சுமந்து போனார்.

வாய்வரை வந்த சொல் திரும்பி வயிற்றுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு வருடா வருடம் அதே லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் கொஞ்சம் மலை. காலுக்குக் கீழே மேகம் ஓடியதாக அவன் வந்து சொன்னதெல்லாம் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் படித்தது. பட்டாணி பத்து நிமிடத்தில் வெந்தது என்பது ஒன்றுதான் அவன் சொன்ன உண்மை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். இந்த வீட்டில் சோறே காய்ந்து கைப்பிடி அளவாகிவிடுகிறது.

அவள் அலமாரியிலிருந்து, மலையில் தண்ணீர் காயவைக்கிற சின்ன அடுப்புக்கான கேஸ் டப்பாவை எடுத்தாள். எல்லாப் பயணத்துக்கும் அவனோடு போய்வந்த டப்பா. துணியால் துடைத்துத் தராசில் வைத்தாள். பிறகு அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

டப்பாவின் அடியில் மார்க்கரில் ஒரு எண் இருந்தது. வாங்கிய அன்று அவள் கையால் எழுதிய எடை. தராசும் அதே எண்ணைத்தான் காட்டியது. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

அவனுக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன. பாதங்களைப் பார்த்துக்கொண்டான். மேசைக்கு அடியில் நுழைந்துகொள்ள முடிந்தால் நுழைந்திருப்பான்.

அவள் டப்பாவைப் பைக்குள் வைக்கவில்லை. திரும்ப அலமாரியில் வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்தது. கைக்கு எட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்தான். கனத்தது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் அப்படித்தான்.

"இது ரெண்டாள் அளவாச்சே," என்றான். குரல் யாருடையதோபோல வந்தது.

அவள் டிரையரை நிறுத்தினாள். காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த அதன் காற்றாடி மெல்ல அடங்கியது. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, இன்று முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கெட்டில் இருக்கிற ரூம்ல ரெண்டு பேர் தங்க விடுவாங்களாங்க? இந்தத் தடவை நானும் வரட்டுமா?"