குறுக்குக் கோடு

ஷைனியின் பள்ளி நோட்டுக்கு அவள் அப்பா ஜெபராஜ்தான் லேபிள் எழுதி ஒட்டியிருந்தான். வரிசை எண் 20. சுழியத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

"இதென்ன புதுசா?" என்று கேட்டாள் அவன் மனைவி பிரிஸ்கில்லா.

"ஆபீஸ்ல குறியெண் எழுதி எழுதி வந்துருச்சு. 'ஓ'ங்கிற இங்கிலீஷ் எழுத்துன்னு நினைச்சுரக் கூடாதுல்ல. அதான் ரூல்."

அதே ஆபீஸில் வேலை பார்த்தபோது அந்த ரூல்களை எழுதியதே அவள்தான். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள குறியெண்ணை எப்படிக் குறிக்க வேண்டும் என்று அந்த அலுவலகம் இணையத்தில் வெளியிட்டிருக்கும் ஆவணத்தில் ஒரு பக்கம் உண்டு. ஷைனி வயிற்றில் இருந்தபோது, வேலையை விடுவதற்கு முந்தைய வாரம், அதை எழுதி முடித்தாள். நான்கு இலக்கம் வேண்டும். குறைந்தால் முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும். சுழியத்தில் கோடு மட்டும் கூடாது, நார்வேக்காரர்களுக்கு அது வேறோர் எழுத்து.

அவன் கிளம்பியதும் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு வரிகூட மாறவில்லை, கோடு கூடாது என்பதும் அப்படியே இருந்தது. அடியில் தொகுப்பாளர் என்ற இடத்தில் மட்டும் அவள் பெயர் போய் ஹம்சவேணி என்று இருந்தது.

சாயங்காலம் ஷைனி வீட்டுப்பாடத்தில் 100 எழுதினாள். இரண்டு சுழியத்திலும் கோடு. பிரிஸ்கில்லா ரப்பரை எடுத்துக் கோட்டை மட்டும் அழிக்கப் பார்த்தாள். சுழியமும் சேர்ந்து அழிந்தது.

"அப்பாவைப் பாத்து எழுதுனியா?"

"இல்லம்மா. பார்க்ல அப்பாவோட ஆபீஸ் ஆன்ட்டிதான் கையைப் பிடிச்சு எழுத வச்சாங்க. அப்பாவுக்கும் அப்படித்தானாம்."