பூட்ஸில் வைத்த பொட்டலம்

“மேடம் பூட்ஸ்ல இன்னா வெச்சே?”

டீ கொண்டுவந்த காஷிஃபை நிறுத்திக் கேட்டார் இஷ்தியாக் அகமது சார். மூடிய கதவுக்குப் பின்னால் ஜெர்மன்கார அம்மா அழுதுகொண்டிருந்தார்.

காஷிஃப், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரன். கேட்டவர் அந்தக் கம்பெனியின் மேனேஜர். உள்ளே அழுதவர் கர்ஸ்டின், குழந்தைகளுக்கான பனிக்கால பூட்ஸுக்கு ஆர்டர் கொடுத்தவர்களின் ஆள். நேற்று முழுக்கச் சரக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தையல் சரியில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் அந்தத் தையல் லைனையே மூட வேண்டியதுதான். காஷிஃபின் மனைவி முபஷ்ஷிராவுக்கு அந்த லைனில்தான் வேலை.

கடைசியாக ஒரு முறை பேசிப் பார்க்கலாமென்று மேனேஜர் விடிந்ததும் ஓடி வந்திருந்தார். வந்த இடத்தில் இந்தக் கூத்து.

“கரி, சார்.”

நேற்று மழையில் ஊறிப்போன மேடத்தின் பூட்ஸ் ராத்திரி அறை வாசலில் கிடந்தது. பிரியாணிக்குத் தம் போட வைத்திருந்த அடுப்புக்கரியில் இரண்டு துண்டை எடுத்து, ஷூ பெட்டிக்குள் போடும் மெல்லிய தாளில் சுற்றி, லேஸால் கட்டி உள்ளே வைத்தான். ஈரத்தையும் நாற்றத்தையும் இழுத்துவிடும் என்று அவன் வீட்டில் வழக்கமாகச் செய்வதுதான். காலுக்கு இதமாக இருந்தால் மனசும் கொஞ்சம் இளகாதா என்ற நப்பாசையும் இருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போதெல்லாம் மேடம் நன்றாகத்தான் இருந்தார். பரிமாறியவனிடம் போனில் தன் வீட்டுப் படத்தைக் காட்டினார். டிசம்பரிலும் பச்சைப் புல், அதில் அரைக்கைச் சட்டையோடு மகள். எங்க ஊர் மாதிரியே இருக்கே என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அறைக்குள் போயிருந்த சௌந்தர்யா வெளியே வந்தாள். ஆபீஸில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள்.

“சார், அவங்க ஊர்ல நேத்து புள்ளைங்கல்லாம் வாசல்ல ஷூ வெக்கிற நாளாம். புனித நிக்கோலஸ் வந்து நல்ல புள்ளைக்கு மிட்டாய் வெச்சிட்டுப் போவாராம்.”

“கெட்ட புள்ளைக்கு?”

“கரி.”

மேனேஜர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காஷிஃப் தலையில் அடித்துக்கொண்டான். நல்லது நினைத்துச் செய்தது கட்டியவளின் வேலைக்கே உலை வைத்துவிட்டதே. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கலாமென்று அவன் நகர்ந்தபோது கதவு தானே திறந்தது.

கர்ஸ்டின் அந்தப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தார். காஷிஃபைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மேனேஜர் முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்தபடி தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

சௌந்தர்யா நம்பாமல் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“தையல்ல குறையே இல்லியாம் சார். அங்க இந்த வருஷம் பனி விழல, பூட்ஸ் விக்காது, அதனாலதான் தையல் சரியில்லன்னு பொய் சொன்னாங்களாம். அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறாங்க.”