முதுகில் படும் காற்று

புதூர்நாட்டில், சாமை தூற்றும் களத்தை ஒட்டிய பாறைமேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. சரிதா அங்கே நின்று இரு கைகளாலும் போனைப் பிடித்திருக்கிறாள். திரையில் ராமேஸ்வரத்துக் கடல் வெயிலில் தகரமாய் மின்னுகிறது. பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவள் தம்பி பார்த்திபன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். இன்றுதான் முதல்முறை தனியாக இறங்குகிறான். "நல்ல எடமா பாத்து வெச்சிருக்கேன்க்கா. நம்ம களத்துல நிக்கிற மாதிரி காத்து முதுகுல படணும், அவ்ளோதான்" என்று காலையில் சொன்னான். "ஆமான்டா, அதான் சரி" என்றாள் இவளும். இப்போது அவன் போனிலிருந்து பேசுவது கூட வேலை செய்யும் அர்ச்சுனன். "முதுகுக் காத்துல எறங்கவே கூடாதும்மா. அது கடலுக்குள்ளதான் இழுத்துட்டுப் போகும். அவனக் கூட்டியாரப் படகு போயிருக்கு." தண்ணீருக்கு மேலே சிவப்புப் பட்டம் மிளகாய்ப்பழம் அளவுக்குத் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குன்றிமணியாகிறது. விரல்களை விரித்துப் பெரிதாக்கப் பார்க்கிறாள், படம் பெரிதாகவில்லை. பின்னாலிருந்து வரும் காற்று அவள் துப்பட்டாவைத் திரைமேல் கொண்டுவந்து போடுகிறது. விலக்குகிறாள், மறுபடியும் போடுகிறது. கீழே களத்தில், ஒன்றும் அறியாத அவள் அம்மா காந்தா முறத்தை உயர்த்துகிறாள். சாமை காலடியில் கொட்ட, பதர் பள்ளத்தைப் பார்த்துப் பறக்கிறது. "காத்து இன்னா தோதா அடிக்குது பாருடி!" முறத்தை வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறாள். "இன்னிக்கு பூரா இப்டியே அடிக்கணும், சாமி."