பெங் மாட்டிய டயர்

"எவன்யா இந்த டயரை மாட்டினது? கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்தானா?"

மெக்கானிக் தூ அண்ணன் தன் கடை வாசலில் போட்ட சத்தத்தில், எதிர்க்கடையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் உருளும் பக்கம் அது காட்ட வேண்டும். அந்த ஸ்கூட்டரில் இரண்டு டயரும் பின்பக்கம் காட்டின. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே இது தெரியும்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஜியான் அக்கா. துறைமுகத்து ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர். வளைவில் வழுக்கி விழுந்திருக்கிறார். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. இருபது டப்பா சோறு சாக்கடையில். துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேர் அவரையும் வண்டியையும் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வலியைக் காட்டாமல் இருந்தார்.

"டயர்ல இருக்கிற இந்தப் பள்ளமெல்லாம் மழைத் தண்ணிய வெளியே தள்ளணும்மா. தலைகீழா மாட்டினா உள்ளே இழுக்கும். நம்ம கீலுங் ஊர் மழையில இதுல ஓட்டினீங்களா?" தூ அண்ணன் வண்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "ஓ! மேட்டுத்தெரு பெங் கடையா!"

வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

அக்கா சிராய்ப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

என் டெலிவரி வண்டியின் பிரேக் ஒயர் பாதி வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாகக் காத்திருந்தேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, நேரா அங்க போங்க. தெருவே கேக்குற மாதிரி கத்துங்க. நானும் வரேன்."

"உனக்கு வேற வேலை இல்லையா, அழகு ராஜா?" என்றார். பிறகு தூ அண்ணனிடம், "திருப்பி மாட்டினா போதுமா?"

"முன் டயருக்குப் போதும். பின் டயர் தேறாது. லிவர் கம்பியைப் போட்டுக் கண்டபடி நெம்பியிருக்கான், விளிம்பு கிழிஞ்சிருக்கு. காத்து நிக்காது. புதுசுதான் போடணும்."

"போட்டுடுங்க. இதே கம்பெனி, இதே டிசைன் இருக்கா?"

"அதைவிட நல்லதா தரேன். மழைக்குன்னே வந்திருக்கு."

"வேணாம். இதேதான் வேணும். மாத்தினது யாருக்கும் தெரியக் கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சில பேர் இப்படித்தான். காலை மிதித்தாலும் 'பரவாயில்லை' என்பார்கள். கேட்டால் பெருந்தன்மை. மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு நல்ல பேர் வேணும். சரி. அடுத்து அவர்கிட்ட டயர் மாட்டுறவன் பஸ்ஸுக்கு அடியில போனா?"

அக்கா முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"கேக்க வேண்டிய கேள்விதான்" என்று சொல்லி போனை எடுத்தார்.

"பெங், நான்தான் ஜியான். வேற யாருக்காவது டயர் மாட்டினீங்களா? இல்லையா? நான் மட்டும்தானா?" குரல் தாழ்ந்தது. "சரி. யார் வந்தாலும் இன்னிக்கு டயர் வேலை எடுக்காதீங்க. சாயங்காலம் ஷட்டரை இறக்கினதும் வரேன். ஒண்ணு காட்டணும்."

தூ அண்ணன் கிழிந்த டயரை மூலையில் எறியப் போனார்.

"எறியாதீங்க. தார்ப்பாய்ல சுத்தி பின்னாடி கட்டுங்க. அதைத்தான் காட்டணும். அம்பு எங்கே இருக்கு, எங்கே கிழிஞ்சிருக்குன்னு."

"அதைப் பகல்லயே காட்டினா என்ன?" என்றேன்.

"அவர் கடை போட்ட பத்து நாளா அந்தத் தெருவே, இவன் எப்போ தப்பு பண்ணுவான்னு கண்ணு கொட்டாம பாத்துட்டிருக்கு தம்பி. அவங்களுக்கு நான் ஏன் தீனி போடணும்?"

வேலை முடிந்தது. அக்கா எழுந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். இடது கால் மடங்கவில்லை. அதைக் கையால் தூக்கி ஸ்கூட்டரின் கால் பலகையில் வைத்தார். ஏதோ பையைத் தூக்கி வைப்பது போல. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"விழுந்ததுல கால் போச்சா அண்ணே?"

"அது போய் ஆறு வருஷம் ஆச்சு. பெங் குடிச்சிட்டு லாரிய இவ மேல ஏத்திட்டான்."

பிளந்த வாயை நான் மூடவில்லை. மூட முடியவில்லை.

"ஜெயில்ல மெக்கானிக் வேலை கத்துக்கிட்டு வந்து கடை போட்டான். ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. இன்னும் ஒரு மாசம் போணி ஆகலேன்னா பூட்டிட்டுப் போயிருப்பான். நொண்டிக்கிட்டே போய் முதல் போணி பண்ணது இவ." தூ அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியம்!"

பிறகு என் பிரேக் ஒயரை முறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"உங்க டெலிவரி பசங்க போன் குழுவுல எத்தனை பேர்டா இருக்கீங்க?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"பெங் கடையில ரெண்டு டயரையும் தலைகீழா மாட்டுறான்னு ஒரு வரி போட்டுவிடு. நாலு உயிர் பிழைக்கும். புண்ணியம்."

மேஜை மேல் இருந்த என் போனை எடுத்து, துணியில் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

நான் போடவில்லை.